கேட்காமல் வந்த விளையாட்டுகள்: கணினியிலிருந்து நீக்குவது என்றால் என்ன?

புதுக் கணினியை முதல்முறை திறந்து ஸ்டார்ட் மெனுவைத் தட்டுகிறீர்கள். நீங்கள் இன்னும் எதையும் நிறுவவில்லை. ஆனாலும் அங்கே ஒரு சீட்டுக்கட்டு விளையாட்டு உட்கார்ந்திருக்கிறது. பக்கத்திலேயே மிட்டாய்களை வரிசை சேர்த்து உடைக்கும் விளையாட்டு ஒன்று. அதன்மேல் ரைட் கிளிக் செய்தால் வரும் பட்டியலில் இரண்டு வரிகள் கண்ணில் படுகின்றன: ‘அன்பின்’ (unpin), ‘அன்இன்ஸ்டால்’. முதல் வரியை அழுத்துகிறீர்கள். படம் மறைகிறது. அப்பாடா, ஒழிந்தது.

ஒழியவில்லை. கடையின் பெயர்ப்பலகையை மட்டும் கழற்றியிருக்கிறீர்கள். கடை உள்ளே அப்படியே நடக்கிறது. (தமிழில் எழுதினால் ‘அன்பின்’ என்ற சொல்லில் அன்பு வழிகிறது. அதன் வேலையும் அப்படித்தான், விளையாட்டுக்கு ஒரு கீறலும் விழாது.)

‘விளையாட்டை நீக்கிவிட்டேன்’ என்று நாம் சொல்வதற்குள் உண்மையில் மூன்று வேலைகள் ஒளிந்திருக்கின்றன. மெனுவில் தெரியும் படத்தை எடுப்பது ஒன்று. வட்டில் கிடக்கும் விளையாட்டையே எடுப்பது இன்னொன்று. நாளைக்கு அது மறுபடி முளைக்காமல் விதையை எடுப்பது மூன்றாவது. பெரும்பாலான குழப்பங்கள், முதல் வேலையைச் செய்துவிட்டு மூன்றாவதும் முடிந்துவிட்டதாக நினைப்பதால் வருபவை.

இன்னொரு எதிர்பார்ப்பையும் இப்போதே இறக்கி வைத்துவிடலாம். இவற்றை நீக்கினால் கணினி வேகமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். திறக்காத விளையாட்டு சும்மா வட்டில் படுத்திருக்கும், அவ்வளவுதான். பிராசசரை அது தொந்தரவு செய்வதில்லை. விண்டோஸைப் போல இன்னொரு இயங்குதளமான லினக்ஸோடு வரும் குட்டி விளையாட்டுகள் பெரும்பாலும் சில எம்பி அளவுதான், இரண்டு மூன்று போட்டோக்கள் அடைக்கும் இடம். வேகம்தான் வேண்டுமென்றால், கணினி தொடங்கும்போது தானாகத் தொடங்கும் நிரல்களைக் குறைப்பது மேல். நீக்குவதற்கு வேறு நியாயங்கள் உண்டு: பிள்ளைகள் படிக்கும் கணினி, பலர் பயன்படுத்தும் ஆய்வகக் கணினி, நடுவில் வந்து நிற்கும் விளம்பரம், அறிவிப்புத் தொல்லை. அல்லது, பிடிக்கவில்லை. உங்கள் கணினி, அந்தக் காரணமே போதும்.

இவை ஏன் உள்ளே வந்தன?

1990இல் வந்த விண்டோஸ் 3.0இல் சாலிடேர் என்ற சீட்டு விளையாட்டு இருந்தது. அதை எழுதியவர் வெஸ் செர்ரி. அப்போது மைக்ரோசாஃப்ட்டில் இன்டர்ன். ராயல்டி என்று அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. சீட்டுகளை வரைந்தவர் சூசன் கேர், மேக் கணினியின் ஆரம்பகால ஐகான்களை வரைந்த அதே ஓவியர். அன்றைக்கு மவுஸையே தொட்டிராதவர்கள் ஏராளம். சீட்டைப் பிடித்து இழுத்து இன்னொரு சீட்டின்மேல் விடும் பழக்கம், பிறகு ஃபைலைப் பிடித்து இழுக்கும்போது கை கொடுத்தது. 1992இல் விண்டோஸ் 3.1உடன் வந்த மைன்ஸ்வீப்பரில் இடது கிளிக் ஒரு வேலை செய்தது, வலது கிளிக் வேறு வேலை செய்தது. விரல்களுக்கு அதுவும் பயிற்சிதான். அதே ஆண்டு, நெட்வொர்க்குக்காக வந்த விண்டோஸ் பதிப்பில் ஹார்ட்ஸ் என்ற சீட்டாட்டம் இருந்தது. அடுத்த மேஜையில் இருப்பவரோடு விளையாட வேண்டுமென்றால் நெட்வொர்க் ஒழுங்காக வேலை செய்தாக வேண்டும்! ஃப்ரீசெல் என்ற சீட்டாட்டத்தின் கதையும் இதே மாதிரிதான்: அப்போது புது வகையான 32 பிட் நிரல்கள் சரியாக ஓடுகின்றனவா என்று பார்க்க அதைச் சேர்த்து அனுப்பினார்கள்.

ஆக, அந்தக் காலத்து விளையாட்டுகள் நோட்பேட் போல, கால்குலேட்டர் போல, இயங்குதளத்தின் உறுப்புகள். வெளியேற்றும் வழியும் அதற்கேற்ப இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பியில் கன்ட்ரோல் பேனலுக்குப் போய், விண்டோஸின் பாகங்களைச் சேர்க்கும் நீக்கும் பட்டியலில் விளையாட்டுகளுக்கு எதிரே இருக்கும் டிக்கை எடுக்க வேண்டும். விண்டோஸ் 7இலும் கிட்டத்தட்ட அதே பட்டியல், அதே டிக். ஆனால் உள்ளே நடப்பது வேறு. விண்டோஸ் 7இல் டிக்கை எடுத்தால் விளையாட்டு அணைக்கப்படும். வட்டிலிருந்து போகாது, ஒரு துளி இடமும் மிச்சமாகாது. திரும்ப டிக் செய்தால் சிடியைக் கேட்காமல் உடனே எழுந்து வந்துவிடும். நீக்குவதாகத் தோற்றம் தந்த ஒளித்துவைப்பு அது.

2012இல் விண்டோஸ் 8 வந்தபோது இந்த விளையாட்டுகள் கூடவே வரவில்லை. வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்ட்டின் இணையக் கடையான ஸ்டோரில் எடுத்துக்கொள் என்றார்கள். 2015இல் விண்டோஸ் 10இல் சாலிடேர் திரும்பி வந்தது, ஆனால் பழைய ஆளாக அல்ல. இப்போது அது ஸ்டோர் செயலி. ஆட்டங்களுக்கு நடுவே விளம்பரம் காட்டும். விளம்பரம் வேண்டாமென்றால் சந்தா கட்டச் சொல்லும். கேண்டி கிரஷ் போன்ற வேறு நிறுவனத்து விளையாட்டுகளும் கூடவே வந்தன. முன்பு வீட்டின் தூணாக இருந்தது இப்போது குடித்தனக்காரர். குடித்தனக்காரரைக் காலி செய்வது தூணைப் பெயர்ப்பதைவிடச் சுலபம். ஆனால் தூண் திரும்பி வராது, குடித்தனக்காரர் வருவார்.

விண்டோஸ் 10, 11

நேர் வழி சின்னது. ஸ்டார்ட் மெனுவில் விளையாட்டின்மேல் ரைட் கிளிக், ‘அன்இன்ஸ்டால்’, உறுதி செய்யச் சொன்னால் செய்யுங்கள். அல்லது செட்டிங்ஸ், அதற்குள் ஆப்ஸ், அதற்குள் நிறுவப்பட்ட செயலிகளின் பட்டியல். விண்டோஸ் 11இல் விளையாட்டின் பெயருக்கு எதிரே இருக்கும் மூன்று புள்ளிகளைத் தட்டினால், 10இல் பெயரையே தட்டினால், அதே ‘அன்இன்ஸ்டால்’. முடிந்தது. ஒரு கணக்கு மட்டும் உள்ள கணினியில் பத்துக்கு ஒன்பது முறை இதுவே போதும்.

பத்தாவது முறைதான் சுவாரசியம். அக்கா வீட்டு லேப்டாப்பில் இப்படி இரண்டு விளையாட்டுகளை நீக்கிவிட்டு வந்தேன். ஒரு வாரம் கழித்து போன். “எல்லாத்தையும் எடுத்துட்டேன்னு சொன்னியேடா, இவன் உட்கார்ந்து ஆடிட்டே இருக்கான்!” நான் நீக்கியது அக்காவின் கணக்கிலிருந்து. பையனுக்குத் தனியாக ஒரு கணக்கு இருந்தது. அவன் கணக்கில் விளையாட்டு சௌக்கியமாக இருந்தது. ஸ்டோர் செயலிகளின் இயல்பே அது. ஒருவர் அன்இன்ஸ்டால் செய்தால் அவருக்கு மட்டும்தான் போகும். அதே கணினியில் இன்னொருவர் உள்ளே நுழைந்தால் அவருக்கு அது அப்படியே இருக்கும்.

சரி, பையனின் கணக்கிலும் நீக்கியாயிற்று. நாளைக்குப் புதிதாக ஒரு கணக்கு தொடங்கினால்? அங்கேயும் முளைக்கும். ஏனென்றால் விண்டோஸ் தன்னிடம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது: ‘புதிதாக யார் வந்தாலும் இவற்றை நிறுவிக் கொடு’ என்று. விண்டோஸ் மொழியில் அந்தப் பட்டியலில் இருப்பவை ‘ப்ரொவிஷன்’ செய்யப்பட்ட செயலிகள். நான் விதை என்றேனே, அது இதுதான். பட்டியலிலிருந்து பெயரை எடுக்காத வரை ஒவ்வொரு புதுக் கணக்கிலும் விளையாட்டு பிறந்துகொண்டே இருக்கும்.

அந்தப் பட்டியலைத் தொட செட்டிங்ஸில் நேரான பொத்தான் கிடையாது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் பவர்ஷெல் என்ற கருவியை அட்மினாக, அதாவது நிர்வாகி உரிமையோடு, திறக்க வேண்டும். அங்கே இரண்டு ஜோடிக் கட்டளைகள் உண்டு. ஒரு ஜோடி, இப்போது நிறுவப்பட்டிருக்கும் செயலிகளைக் காட்டவும் நீக்கவும். எல்லாக் கணக்குகளிலிருந்தும் எடு என்று சொல்லவும் அதில் வசதி உண்டு. மற்ற ஜோடி, நான் சொன்ன விதைப் பட்டியலைக் காட்டவும் அதிலிருந்து எடுக்கவும். ஐம்பது கணினிகளைப் பராமரிக்கும் ஆய்வகப் பொறுப்பாளருக்கு இந்த இரண்டாவது ஜோடிதான் உயிர். வீட்டில் ஒரு கணினியும் இரண்டு கணக்கும் வைத்திருப்பவர் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. இரண்டு கணக்கிலும் ஒருமுறை ரைட் கிளிக் செய்தால் வேலை முடிந்தது. முன்பின் தெரியாத ‘எல்லாவற்றையும் சுத்தம் செய்யும்’ ஸ்கிரிப்டை (யாரோ எழுதி வைத்த கட்டளைத் தொகுப்பை) இறக்கி அட்மினாக ஓடவிடுவதைவிட அது எவ்வளவோ மேல். அந்த ஸ்கிரிப்டுகள் சில நேரம் விளையாட்டோடு சேர்த்து ஸ்டோரையே தூக்கிவிடும். பிறகு எதையும் திரும்ப நிறுவ வழி தேடி அலைய வேண்டும்.

கையால் ஃபோல்டரை அழிக்கலாமே என்று தோன்றும். ஸ்டோர் செயலிகள் ப்ரோக்ராம் ஃபைல்ஸுக்குள் ‘விண்டோஸ்ஆப்ஸ்’ என்ற மறைவான ஃபோல்டரில் இருக்கின்றன. அதன் உரிமை உங்களிடம் இல்லை. ‘ட்ரஸ்டட்இன்ஸ்டாலர்’ என்ற விண்டோஸின் சொந்தக் கணக்கிடம் இருக்கிறது. உரிமையைப் பிடுங்கி உள்ளே போய் அழிக்கவும் முடியும்தான். ஆனால் விண்டோஸின் பதிவேட்டில் ‘இந்தச் செயலி இருக்கிறது’ என்ற வரி அப்படியே நிற்கும். இல்லாத விளையாட்டுக்கு அப்டேட் செய்யப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருக்கும். நீக்குவது என்பது ஃபைலை அழிப்பது மட்டுமல்ல, கணக்குப் புத்தகத்திலும் அடித்துவிடுவது. அதைச் செய்வதற்குத்தான் ‘அன்இன்ஸ்டால்’ இருக்கிறது.

இன்னும் இரண்டு சில்லறை விஷயங்கள். விண்டோஸ் 11இன் ஸ்டார்ட் மெனுவில் தெரியும் சில படங்கள் செயலியே அல்ல, வெறும் அழைப்பிதழ். அதைத் தட்டினால்தான் ஸ்டோரிலிருந்து இறங்கவே தொடங்கும். அவற்றுக்கு மட்டும் பெயர்ப்பலகையைக் கழற்றினாலே போதும், உள்ளே கடையே இல்லை. அப்புறம், செட்டிங்ஸில் பர்சனலைசேஷன், அதற்குள் ஸ்டார்ட் என்று போனால் பரிந்துரைகளைக் காட்டுவதற்கான சுவிட்ச் இருக்கும். அதை அணைத்து வையுங்கள். புது விருந்தாளிகள் குறைவார்கள்.

எக்ஸ்பாக்ஸ் கேம் பாரை விளையாட்டு என்று நினைத்துத் தூக்கிவிட வேண்டாம். அது விளையாட்டு அல்ல, திரையைப் பதிவு செய்வது போன்ற வேலைகளுக்கான கருவி. அதை எடுத்துவிட்ட கணினியில் பிறகு ஏதாவது ஒரு விளையாட்டைத் திறந்தால் ‘எம்எஸ்-கேமிங்ஓவர்லே’ என்ற இணைப்பைத் திறக்க ஒரு செயலி வேண்டும் என்று ஒரு பெட்டி வந்து கேட்டுக்கொண்டே இருக்கும். எதை எடுக்கிறோம் என்பதோடு, அதை யார் தேடி வருவார்கள் என்றும் பார்க்க வேண்டும். லினக்ஸ் பக்கம் போகும்போது இந்தக் கேள்வி இன்னும் பெரிதாகும்.

மேக்கின் சதுரங்கம்

மேக் கணினியில் ‘செஸ்’ என்று ஒரே ஒரு விளையாட்டு கூடவே வருகிறது. அதைப் பிடித்துக் குப்பைத்தொட்டியில் போட்டுப் பாருங்கள். மேக் ஓஎஸ்ஸுக்கு இது தேவை, ஆகவே இதை மாற்றவோ அழிக்கவோ முடியாது என்று சொல்லிவிடும். சதுரங்கம் இல்லாமல் ஒரு இயங்குதளம் மூச்சுவிட முடியாதா என்ன? முடியும். ஆனால் 2015இல் வந்த எல் கேப்பிட்டன் பதிப்பிலிருந்து, கணினியோடு வரும் ஃபைல்களை அட்மின்கூடத் தொட முடியாதபடி ஒரு பூட்டு போட்டார்கள். 2019இல் கேட்டலினா வந்தபோது இயங்குதளம் முழுவதையும் படிக்க மட்டும் முடிகிற தனிப் பகுதியில் வைத்தார்கள். வைரஸ் வந்து சிஸ்டம் ஃபைல்களை மாற்றக் கூடாது என்பதுதான் நோக்கம். அந்தப் பகுதிக்குள் செஸ்ஸும் இருப்பதால் அதற்கும் பாதுகாப்புக் கிடைத்துவிட்டது. பூட்டை உடைக்க வழிகள் இல்லாமல் இல்லை; ஒரு சதுரங்கப் பலகைக்காகப் பாதுகாப்பைக் கழற்றுவது என் கணக்கில் நஷ்டம். பிள்ளைகள் திறக்கக் கூடாது என்றால் மேக்கின் ‘ஸ்க்ரீன் டைம்’ வசதியில் கட்டுப்பாடு வையுங்கள். மற்றபடி கண்டுகொள்ளாமல் விடுங்கள்.

லினக்ஸ்: எடுப்பது சுலபம், எடுத்தபின் வருவதுதான் சிக்கல்

லினக்ஸில் எல்லாமே உங்கள் கையில். விளையாட்டுகளுக்கு ‘கேம்ஸ்’ என்றே தனி அடைவு (ஃபோல்டர்) ஒதுக்கி வைக்கும் டெபியன் போன்ற விநியோகங்களில் (லினக்ஸைத் தொகுத்துத் தரும் வடிவங்களில்), க்னோம் என்ற மேசைச்சூழலோடு, அதாவது மெனு, ஐகான், சாளரம் எல்லாம் தெரியும் திரையோடு, சுடோக்கு, மாஜாங், மைன்ஸ் என்று ஒரு கூட்டமே வந்துவிடலாம். ஒவ்வொன்றும் ஒரு பேக்கேஜ். (தமிழில் பொதி என்பதும் உண்டு; அழகான சொல்.) ஒரு பொதிக்குள் நிரல், படங்கள், ஒலி, எல்லாவற்றையும்விட முக்கியமாக ஒரு சீட்டு: ‘நான் ஓட வேண்டுமென்றால் இன்னின்னவை வேண்டும்’ என்ற பட்டியல். இந்தச் சீட்டுக்குப் பெயர்தான் டிபென்டென்சி, சார்பு.

மென்பொருள் மையத்தைத் திறந்து, நிறுவப்பட்டவை பக்கத்தில் விளையாட்டைத் தேடி, நீக்கும் பொத்தானை அழுத்தலாம். அல்லது டெர்மினல் என்ற கட்டளைச் சாளரத்தில், பொதிகளை நிறுவி நீக்கும் ‘ஆப்ட்’ கருவியிடம் ‘ரிமூவ்’ என்று சொல்லி பொதியின் பெயரைக் கொடுக்கலாம். இரண்டும் ஒன்றுதான். ஆனால் டெர்மினலில் ஒரு நன்மை: செய்வதற்கு முன்னால் எவையெவை போகப்போகின்றன என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, தொடரட்டுமா என்று கேட்கும். ஆம், இல்லை என்பதற்கு ஒய், என் என்று இரண்டு எழுத்துகள். அதில் ஒய் பெரிய எழுத்தில் இருக்கும். வெறும் என்டர் தட்டினாலே ஆமாம் என்று எடுத்துக்கொள்ளும் என்று அதற்கு அர்த்தம். அந்தப் பட்டியலை ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். ஒரு விளையாட்டை எடுக்கச் சொல்லி, பட்டியலில் ஒரு பெயர்தான் இருக்கிறதா? நிம்மதியாகத் தட்டலாம். இரண்டு இருந்தால் நிறுத்துங்கள்.

அந்த இரண்டாவது பெயர் பெரும்பாலும் ஒரு மெட்டா பேக்கேஜ். இதுதான் புதியவர்களை மிரட்டும் ஆசாமி. மெட்டா பேக்கேஜுக்குள் நிரல் எதுவும் கிடையாது. சார்புச் சீட்டு மட்டும்தான். பல பொதிகளை ஒரே பெயரில் வரவழைக்க ஒரு கயிறு. டெபியனில் ‘க்னோம்-கேம்ஸ்’ அப்படிப்பட்டது. அதை நிறுவினால் விளையாட்டுகள் கும்பலாக வரும். மேசைச்சூழல் முழுவதற்கும் அதே மாதிரி ஒரு கயிறு உண்டு. சீட்டில் விளையாட்டை ‘கட்டாயம் வேண்டும்’ என்று எழுதியிருந்தால், விளையாட்டு போகும்போது கயிறும் போகும். ‘இருந்தால் நல்லது’ என்று மட்டும் எழுதியிருந்தால் கயிறு தங்கும்.

கயிறு போனால் என்ன? அந்த நொடியில் ஒன்றும் ஆகாது. மூட்டை அப்படியே நிற்கும். ஆபத்து பிறகு வருகிறது. யாருக்காக வந்தோம் என்று சொல்ல ஆள் இல்லாத பொதிகளை ஆப்ட் அநாதைகளாகக் குறித்து வைக்கலாம். ‘ஆட்டோரிமூவ்’ என்ற கட்டளை அநாதைகளை மொத்தமாகப் பெருக்கித் தள்ளும்.

பல வருடங்களுக்கு முன்பு நான் இதில் நன்றாகவே வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒரு சீட்டு விளையாட்டை எடுத்தேன். பட்டியலில் கூடுதலாக ஒரு வரி இருந்தது. சின்னப் பெயர்தானே என்று ஒய் தட்டினேன். எல்லாம் வழக்கம்போல ஓடியது. சில நாள் கழித்து இடம் மிச்சம் பிடிக்கலாம் என்று ஆட்டோரிமூவ் கொடுத்தேன். திரை கொள்ளாமல் ஒரு பட்டியல் ஓடியது. படிக்கவில்லை. ஒய். மறுநாள் கணினியைத் திறந்தால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் பயனர் பெயரைக் கேட்டுக்கொண்டு நின்றது. மேசையே இல்லை. முழுக்க முழுக்க என் தவறு. அது என்னிடம் இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் செய்தது. எழுத்துத் திரையிலிருந்தே அந்தக் கயிற்றை மறுபடி நிறுவினேன், மேசை திரும்பி வந்தது. இப்போதைய ஆப்ட் பதிப்புகளில் மெட்டா பேக்கேஜ்களுக்கு ஓரளவு காவல் வைத்திருக்கிறார்கள். இருந்தாலும் படிக்காமல் தட்டும் விரலுக்கு முழுக் காவல் கிடையாது.

என்னைவிடப் பெரிய ஆட்களும் இதில் விழுந்திருக்கிறார்கள். 2021இல் யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன், பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் விளையாட்டுச் செயலியை நிறுவப் போனார். நீக்க அல்ல, நிறுவ. பொதிகளுக்குள் ஒரு முரண்பாடு. அதைத் தீர்க்க மேசைச்சூழலையே எடுக்க வேண்டியிருக்கும் என்று ஆப்ட் எச்சரித்தது. தொடர வேண்டுமென்றால் ‘ஆமாம், நான் சொன்னபடி செய்’ என்று ஆங்கிலத்தில் முழு வாக்கியமாகத் தட்டச்சு செய்யச் சொன்னது. அவர் தட்டினார். அது செய்தது. மேசை போயிற்று.

உடனே தட்டத் தயக்கமாக இருந்தால் ஆப்ட்டிடம் ஒத்திகை பார்க்கச் சொல்லலாம். கட்டளையோடு ‘-s’ என்ற ஒற்றை எழுத்து விருப்பத்தைச் சேர்த்தால் எதையும் தொடாமல் என்ன நடக்கும் என்று மட்டும் சொல்லும். ஃபிளாட்பேக் என்ற தனி வகைப் பொதியாக வந்த விளையாட்டு என்றால் இந்தக் கவலையே இல்லை. அது தனிக் குடித்தனம், எடுத்தால் மேசைக்கு ஒன்றும் ஆகாது.

‘ரிமூவ்’ பக்கத்தில் ‘பர்ஜ்’ என்று இன்னொரு சொல்லையும் பார்ப்பீர்கள். ரிமூவ் நிரலை எடுத்துவிட்டு, சிஸ்டம் அளவிலான அமைப்பு ஃபைல்களை விட்டுவைக்கும். பர்ஜ் அவற்றையும் எடுக்கும். விளையாட்டுகளைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் இரண்டுமே தொடாத இடம் ஒன்று உண்டு: உங்கள் ஹோம் அடைவு. அங்கே இருப்பவை உங்களுடையவை, அதில் கைவைக்க ஆப்ட்டுக்கு உரிமை இல்லை என்பது கொள்கை. விளையாட்டு போன பிறகும் அதன் மதிப்பெண்களும் உங்கள் விருப்பங்களும் புள்ளியில் தொடங்கும் மறைவான அடைவுகளுக்குள் கிடக்கும். சுத்தமாக இருக்க வேண்டுமென்றால் அந்த விளையாட்டின் பெயரில் இருக்கும் அடைவைத் தேடிக் கையால் அழிக்க வேண்டும்.

நான் அழிக்கவில்லை. எல்லாவற்றையும் எடுத்து ஒரு வருடம் கழித்து, ஒரு மத்தியானம் மைன்ஸை மட்டும் திரும்ப நிறுவினேன். திறந்து மதிப்பெண் பக்கத்தைப் பார்த்தால் என் பழைய நேரங்கள் வரிசையாக அப்படியே இருந்தன. முதல் இடத்தில் இருந்ததை அன்றைக்கு முழுக்க முயன்றும் முந்த முடியவில்லை.